புது ‘ஜி’ வந்துவிட்டது என்றால் முதலில் செய்ய வேண்டியவை: வன்னியில் சிம், ரவுட்டர் வாங்குபவர்களுக்கு

புது சிம்மோ புது ரவுட்டரோ புது போனோ, எதுவாக இருந்தாலும் காசை எண்ணி வைப்பதற்கு முன் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள். கிளிநொச்சி நகரத்துக்குள் இருப்பவர்கள் ஓரளவு தப்பிவிடலாம், ஏ9 ஓரமாக ரவர்கள் நிற்கின்றன. வீதியை விட்டு உள்ளே இறங்கி ஒட்டுசுட்டான், துணுக்காய், முத்தையன்கட்டு, நெடுங்கேணி என்று போகப் போகத்தான் பிரச்சினை. ஒரு கம்பனியின் சிம் நன்றாக வேலை செய்கிற இடத்தில் மற்றது செத்துக் கிடக்கும், அடுத்த கிராமத்துக்குப் போனால் அது அப்படியே மாறியிருக்கும். “எந்தக் கம்பனி நல்லது?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் வளவுக்குள் நின்று நீங்களே அளந்து பார்க்காத வேகத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

“முதன்முதலில்” என்று தொடங்கினால்

வயர்லெஸ் கம்பனிகளுக்கு “முதல்” என்ற பட்டத்தில் இருக்கிற ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. 2019 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். தென் கொரியக் கம்பனிகள் 5ஜியை ஏப்ரல் 5ஆம் தேதி தொடங்குவதாக இருந்தன. அமெரிக்காவின் வெரைசன் ஏப்ரல் 11 என்று அறிவித்திருந்தது. வெரைசன் முந்தப்போகிறது என்று காதில் விழுந்ததும் கொரியர்கள் ஏப்ரல் 3ஆம் தேதி இரவு 11 மணிக்கு அவசர அவசரமாக 5ஜியைத் திறந்து, சில பிரபலங்களின் கையில் போனைக் கொடுத்து “உலகத்தில் நாங்கள்தான் முதல்” என்று அறிவித்துவிட்டார்கள். வெரைசனும் அதே நாள், சில மணித்தியாலம் பிந்தி, சிகாகோவிலும் மினியாபொலிஸிலும் சில பகுதிகளில் மட்டும் தொடங்கியது. அதைப் பாவிக்க மோட்டோரோலா போனின் முதுகில் தனியாக ஒரு துண்டைக் கொழுவ வேண்டும். இரண்டு பெரிய நாடுகளின் பெரிய கம்பனிகள் ராத்திரியில் இப்படி ஓடிப் பிடித்து விளையாடியதால் ஒரு சாதாரண வாடிக்கையாளருக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

எங்கள் நாட்டிலும் இந்தப் போட்டி பழையது. தென்னாசியாவிலேயே முதல் செல்லுலார் சேவை 1989இல் இலங்கையில்தான் வந்தது, 2006இல் 3ஜியும் தென்னாசியாவுக்கு முதல் என்ற பெருமையோடு கொழும்பில் வந்தது. அதே 2006 ஆகஸ்டில்தான் ஏ9 பாதை மூடப்பட்டது. அந்த “முதல்” எங்களுக்கு எந்த வகையில் முதல்? சண்டை முடிந்து, மீள்குடியேறி, ரவர் எழும்பிய பிறகுதான் எங்கள் ஊர்களில் இதெல்லாம் தொடங்கியது. ஆகவே விளம்பரத்தில் “முதல்” என்ற சொல் வந்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இது மட்டும்தான்: “தம்பி, எங்கட ஊர் ரவரில் இது ஏறிட்டுதா?” ஊரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மாவட்டத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். “முல்லைத்தீவில் இருக்கு” என்பதை வைத்துக்கொண்டு மாங்குளத்தில் இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது.

போனின் மூலையில் தெரிகிற எழுத்தை நம்பாதீர்கள்

4ஜி என்றால் என்ன என்பதற்கு ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 2008இல் ஒரு அளவு வைத்தது: வேகமாக ஓடுகிற வாகனத்துக்குள் 100 மெகாபிட், ஓரிடத்தில் இருப்பவருக்கு 1 ஜிகாபிட். அந்த அளவை எட்டிய சேவை ஒன்றுகூட விற்பனையில் இல்லாத நேரத்திலேயே கம்பனிகள் 4ஜி என்று விற்கத் தொடங்கிவிட்டன. கடைசியில் 2010 டிசம்பரில் ஐடியுவே இறங்கி வந்து, எல்டிஇ (இன்றைக்கு நாங்கள் 4ஜி என்று பாவிப்பது), வைமாக்ஸ் (அதோடு போட்டி போட்ட இன்னொரு வயர்லெஸ் முறை), மேம்படுத்திய 3ஜி எல்லாவற்றையும் 4ஜி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும். 2012இல் அமெரிக்காவில் ஐபோன் 4எஸ் வைத்திருந்த ஏடி அண்ட் டி வாடிக்கையாளர்கள் ஒரு மென்பொருள் அப்டேட் போட்டதும் மூலையில் 3ஜி என்றிருந்தது 4ஜி என்று மாறியது. போனும் அதேதான், ரவரும் அதேதான், வேகமும் அதேதான்.

அது போதாதென்று 2019 ஜனவரியில் அதே கம்பனி 4ஜி போன்களின் மூலையில் “5ஜி இ” என்று எழுத்துப் போட்டது. போட்டிக் கம்பனியான டீ மொபைல் ஒரு போனை எடுத்து அதன் மூலையில் “9ஜி” என்று ஒட்டுத்தாள் ஒட்டி வீடியோ வெளியிட்டது. இன்னொரு போட்டிக் கம்பனியான ஸ்பிரின்ட் வழக்கே போட்டது, பிறகு சமாதானமாகிவிட்டார்கள். 2020 மே மாதம் அமெரிக்க விளம்பர மேற்பார்வைச் சபை அந்தப் பெயரை விளம்பரத்தில் நிறுத்தச் சொன்னது. கம்பனி ஒப்புக்கொண்டது, ஆனால் போனின் மூலையில் இருந்த எழுத்தை எடுக்கவில்லை.

சிக்னல் கோடுகளும் இப்படித்தான். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பனியும் தன் விருப்பத்துக்கு வைத்திருக்கிறது. 2010 ஜூலையில் ஆப்பிள், கோடுகளைக் கணக்கிடும் தங்கள் சூத்திரம் முழுக்கப் பிழை என்றும், சில நேரங்களில் 2 கோடு கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்றும் தானே எழுதிக் கொடுத்தது. ஆகவே “என்ர போனில நாலு கோடு, உன்ர போனில ரெண்டு” என்று ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை.

உண்மையான எண் போனுக்குள்ளேயே இருக்கிறது. அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ் போய், கடைசியில் இருக்கும் ‘அபவுட் போன்’ பகுதியில் சிம் ஸ்டேட்டஸ் என்பதைத் திறந்தால் சிக்னல் பலம் டிபிஎம் என்ற அளவில் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று அடித்துக் கோல் பொத்தானை அழுத்தினால் அதற்கான திரை வரும். அந்த எண் எப்போதும் மைனஸில்தான் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. 4ஜியில் மைனஸ் 90க்கு மேலே இருந்தால் கவலையே இல்லை, மைனஸ் 100 அளவில் சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டிக் கீழே போனால் வீடியோ கோல் அறுந்து அறுந்து வரும், மைனஸ் 120 என்றால் அந்த இடத்தில் அந்தச் சிம்மை மறந்துவிடுங்கள். இந்த எண்ணை வீட்டு விறாந்தையில், அறைக்குள், குசினிக்குள், கிணற்றடியில் என்று தனித்தனியாகப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டு அண்ணையிடம் இருக்கிறது ஒரு கம்பனி, மச்சானிடம் இருக்கிறது வேறொன்று என்றால் இருவரின் சிம்மையும் வாங்கி உங்கள் போனிலேயே போட்டுப் பாருங்கள். ஒரே போனில் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக வரும்.

வேகக் கணக்கு

5ஜிக்கு ஐடியு வைத்த உச்ச வேகம் செக்கனுக்கு 20 ஜிகாபிட். அது ஆய்வுகூட நிலைமையில் ஒரு ரவர் எட்ட வேண்டிய அளவு, ஒரு வீட்டுக்கு வருகிற அளவு இல்லை. தென் கொரியாவின் மூன்று கம்பனிகள் அந்த 20ஐத் தூக்கி வாடிக்கையாளருக்கான விளம்பரத்திலேயே போட்டன. உண்மையில் கிடைத்த சராசரி ஒரு ஜிகாபிட்டைக்கூட எட்டவில்லை. 2023 மே மாதம் அந்த நாட்டின் வர்த்தகப் போட்டி ஆணையம் மூன்றுக்கும் சேர்த்து 3,360 கோடி வொன் தண்டம் அடித்தது. சரி, அந்த 20 ஜிகாபிட் உண்மையாகவே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 ஜிபி பெக்கேஜ் ஒன்று 20 செக்கனில் முடிந்துவிடும். மாதத்தின் மீதி நாட்களுக்கு என்ன செய்வதாம்?

விளம்பரத்தில் வருவது மெகாபிட், நாங்கள் படம் இறக்கும்போது பார்ப்பது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 20 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 20 மெகாபிட், என்று எழுதியிருந்தால் செக்கனுக்கு 2.5 எம்பிதான் இறங்கும். அது ஒன்றும் குறைச்சல் இல்லை. யூடியூப்பில் நல்ல தெளிவாக 1080இல் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும், 720இல் என்றால் 2.5 போதும். கனடாவில் இருக்கிற மகனோடு வீடியோவில் கதைக்க 2, 3 எம்பிபிஎஸ் ஒழுங்காக, விட்டுவிட்டு வராமல் வந்தால் போதும். ஆனால் அது இரண்டு பக்கமும் வர வேண்டும். எங்கள் முகம் அங்கே போவது அப்லோட் வேகத்தில். விளம்பரத்தில் அப்லோட் பற்றி ஒரு வரியும் இருக்காது, ஆகவே சோதிக்கும்போது அதைக் கட்டாயம் பாருங்கள். இன்னொன்று, 5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணித்தியாலம் வீடியோ ஓடினால் கிட்டத்தட்ட 2.25 ஜிபி போய்விடும், பெக்கேஜைத் தெரிவு செய்யும்போது இந்தக் கணக்குத்தான் உதவும்.

ரவுட்டர் பெட்டியில் இருக்கிற பெரிய எண்ணும் ஒரு கூட்டல் கணக்கு. ஏஎக்ஸ் 1800 என்று போட்டிருந்தால் 2.4 கிகாஹேர்ட்ஸில் 574, 5 கிகாஹேர்ட்ஸில் 1201, இரண்டையும் கூட்டி ஒரு சுற்று எண்ணாக்கிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் சேரும். அதுவும் ரவுட்டருக்கும் போனுக்கும் இடையிலான வேகம், ரவரிலிருந்து 8 எம்பிபிஎஸ் வந்தால் ஏஎக்ஸ் 1800 ரவுட்டர் என்றாலும் 8தான். வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று தெரிந்தால் துள்ளாதீர்கள், அது 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை என்பதைச் சொல்கிறது, 5ஜி மொபைல் சேவைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை 5ஜி ரவுட்டர் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் ஏமாறுவது அனேகமாக பிள்ளையின் படிப்புக்கென்று காசு சேர்த்து வந்த ஒரு அம்மாவாக இருக்கும்.

கவரேஜ் வரைபடத்தைப் பார்க்கிற விதம்

2009இல் வெரைசன், ஏடி அண்ட் டியின் 3ஜி வரைபடத்தில் இருந்த வெற்றிடங்களைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டிப் பகிடி பண்ணியது. ஏடி அண்ட் டி கோர்ட்டுக்குப் போனது. ஒரு மாதத்தில் இரண்டு பேரும் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2019 டிசம்பரில், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஆட்கள் வாகனத்தில் ஓடித் திரிந்து அளந்த முடிவுகள் வெளிவந்தன: கம்பனிகள் கொடுத்த வரைபடம் சொன்ன குறைந்தபட்ச வேகம், சுமார் 62 சதவீதச் சோதனைகளில்தான் கிடைத்திருக்கிறது. போட்டியாளரின் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்த வெரைசனும் கூடுதலாகக் காட்டிய கம்பனிகளில் ஒன்று. வரைபடத்தில் பூசியிருக்கிற வர்ணம் கணினி போட்ட கணக்கு, அங்கே நின்று எவரும் பார்த்தது இல்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள், அதுவும் பின்னேரம் 7 மணியிலிருந்து 10 மணிக்குள். காலமை 11 மணிக்குக் கடைக்காரர் தன் போனில் காட்டுகிற வேகத்தால் உங்களுக்குப் பயன் இல்லை. ஒரு ரவரின் வேகம் அதில் தொங்குகிற எல்லாருக்கும் பங்கு. இரணைமடு வாய்க்காலில் தலைப்பக்கத்துக் காணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசிக் காணிக்கு என்ன வருமோ அதுதான் இரவு 8 மணிக்கு ரவருக்குத் தூரத்தில் இருக்கிற வீட்டுக்கும் வரும். ஸ்பீட் டெஸ்ட் செயலி ஒன்றிலும் ஃபாஸ்ட் டொட் கொம்மிலும் மாறி மாறிப் பாருங்கள், ஒரே நாளோடு முடிக்காமல் ஒரு சனி, ஞாயிறும் வருகிற மாதிரிப் பாருங்கள், ஒவ்வொரு சோதனையும் டேட்டாவைக் குடிக்கும் என்பதால் அடிக்கடி அமத்திக்கொண்டிருக்க வேண்டாம். கரண்ட் போகிற நேரத்திலும் ஒருமுறை பாருங்கள். ரவரின் பற்றறி பழசாகிப் போயிருந்தால் கரண்ட் போய் அரை மணித்தியாலத்திலேயே சிக்னலும் போய்விடும், இதை எந்தக் கம்பனியும் விளம்பரத்தில் சொல்லாது, அந்த ரவரடியில் கடை வைத்திருப்பவர் சொல்லுவார்.

காடும் தகரமும்

அலைவரிசை குறைந்தால் தூரம் கூடும், அலைவரிசை கூடினால் வேகம் கூடும், தூரம் குறையும். இந்த ஒரு விசயத்தை மறைத்துத்தான் எல்லா ஆரவாரமும் நடக்கிறது. 5ஜியின் தலைசுற்ற வைக்கும் வேகங்கள் எல்லாம் 28 கிகாஹேர்ட்ஸ் மாதிரியான உயர்ந்த அலைவரிசையில் அளந்தவை. அது சில நூறு மீற்றருக்கு மேல் போகாது, மர இலை குறுக்கே நின்றாலே தடுமாறும். கொரியாவிலேயே கம்பனிகள் அதற்கென்று கட்டுவதாகச் சொன்ன நிலையங்களில் சிறு பங்கைத்தான் கட்டின என்று 2022இலும் 2023இலும் அரசாங்கம் அந்த உரிமத்தைத் திருப்பிப் பறித்தது. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கிற எங்கள் பக்கத்துக்கு அது சரிவராது. இங்கே உயிர் கொடுப்பது 900, 1800 மெகாஹேர்ட்ஸ் பட்டைகள்தான். போனோ ரவுட்டரோ வாங்கும்போது அதில் 4ஜி பாண்ட் 3, பாண்ட் 8 இரண்டும் இருக்கிறதா என்று பெட்டியில் தேடுங்கள். பாண்ட் 3 என்பது 1800, பாண்ட் 8 என்பது 900. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தருகிற விலை கூடிய போன்களிலும் இதைப் பார்க்க வேண்டும்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய இலாபம் இருக்கிறது, அதற்குக் காசும் தேவையில்லை. தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். தகரக் கூரைக்கு நேர் கீழே, அலுமாரிக்கு மேலே, இரும்புக் கதவுக்குப் பின்னால் வைத்த ரவுட்டர் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் தேறாது. ஓட்டுக் கூரை போட்ட வீட்டுத்திட்ட வீடு என்றால் ரவர் இருக்கிற திசையைப் பார்த்த யன்னலடியில், கம்பியில் முட்டாமல், ஆளின் நெஞ்சளவு உயரத்தில் வைத்துத் தொடங்குங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் போன் பிரவுசரில் அடித்து உள்ளே போனால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது நான் மேலே சொன்ன அதே சிக்னல் பலம். இரண்டாவது இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது, 20க்கு மேல் மிக நல்லது, 10க்கு மேல் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் கோடு நிறைய இருந்தாலும் வேகம் வராது. ரவுட்டரை ஒரு சாண் நகர்த்துங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், எண்ணைப் பாருங்கள், திருப்பி வையுங்கள், பொறுங்கள், பாருங்கள். யன்னலின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியதிலேயே வீடியோ கோல் தெளிவான வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

அதற்கும் சரிவராவிட்டால் பின்பக்கத்தில் வெளி அன்ரனா கொழுவும் துளை உள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்கி, ரவரை நோக்கித் திருப்பக்கூடிய அன்ரனாவை ஒரு குழாயில் கூரைக்கு மேலே கட்டுங்கள். வயர் நீள நீள அன்ரனா பிடித்த சிக்னல் வயருக்குள்ளேயே கரையும், அதனால் ரவுட்டரை அன்ரனாவுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், வயரை நீட்டாதீர்கள். பூஸ்டர் என்று விற்கிற பெட்டிகளை வாங்க வேண்டாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதைப் பாவிக்கக் கூடாது, அது ஊரில் மற்றவர்களின் சிக்னலையும் கெடுக்கும்.

தோற்கப்போகிற பொருளை வாங்காமல் இருக்க

வைமாக்ஸ்தான் எதிர்காலம் என்று இன்டெல் கம்பனி கோடிக்கணக்கில் கொட்டியது, ஸ்பிரின்ட் 2008இல் பால்டிமோரில் தொடங்கியது, 2011இல் அதே ஸ்பிரின்ட் எல்டிஇக்கு மாறப்போகிறேன் என்றது. போட்டியில் தோற்றது கம்பனி, பெட்டி செத்தது வாடிக்கையாளர் வீட்டில். இலங்கையிலும் வைமாக்ஸ் பெட்டிகள் விற்றார்கள், மீள்குடியேறிய காலத்தில் பல வீடுகளில் இருந்த சிடிஎம்ஏ போன்கள் (வயர் இல்லாத வீட்டு போன்கள்) இன்றைக்குப் பிள்ளைகள் விளையாடக்கூட எடுப்பதில்லை. ஒரே கம்பனியின் சிம்மை மட்டும் ஏற்கிற, பூட்டுப் போட்ட ரவுட்டர் மலிவாகக் கிடைக்கும்; கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எந்தச் சிம்மும் போடக்கூடியதை வாங்குங்கள். நாளைக்கு மற்றக் கம்பனி உங்கள் ஊரில் ரவர் கட்டினால் சிம்மை மட்டும் மாற்றலாம்.

2025 ஜூலையில், செய்மதி வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும் ரவரே தேவையில்லை என்ற அடுத்த ஆரவாரம் தொடங்கியது. ரவர் எட்டாத காட்டோரப் பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ அது உண்மையிலேயே பெரிய உதவி, ஆனால் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும், பனையும் தென்னையும் மறைத்தால் அறுந்து அறுந்து வரும், கரண்டும் 4ஜி ரவுட்டரை விட நன்றாகக் கூடவே இழுக்கும். 4ஜி ஓரளவு வருகிற வீட்டுக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

பெக்கேஜ் எடுக்கும்போது மொத்த ஜிபியைப் பார்க்காதீர்கள், பகல் எவ்வளவு, நள்ளிரவுக்குப் பிறகு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். “அன்லிமிடெட்” என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பீர்கள், எவ்வளவுக்குக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள்.

போன் வாங்குகிறவர்கள் *#06# அடித்து வருகிற 15 இலக்க எண்ணை, முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் போட்டு ஒரு இடைவெளி விட்டு எழுதி, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, அந்தப் போன் ஆணைக்குழுவில் பதிவானதா என்று கடையில் நிற்கும்போதே பதிலைப் பாருங்கள். எல்லாம் சரியாகப் பார்த்து வாங்கியும் சொன்ன சேவை வரவில்லை என்றால் தேதி, நேரம், டிபிஎம், வேகம் நான்கையும் அந்தக் கொப்பியில் எழுதி வைத்து, முதலில் கம்பனிக்கு அடித்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900க்கு அடித்து அந்த இலக்கத்தையும் கொப்பியில் இருக்கிறதையும் வாசியுங்கள்.